அக்கா வாசித்த மன்னிப்பு

கெடா மாநிலத்துப் பீடோங்கில், பசார் என்று நாங்கள் சொல்லும் சந்தைக்கு எதிரே இருந்த மளிகைக் கடையில், அரிசி மூட்டைகளுக்கு மேலே போட்டிருந்த பலகையில் ஒரு வானொலிப் பெட்டி இருக்கும். பாட்டு போகும்போது சத்தமாக வைப்பார்கள். செய்தி தொடங்கினால் கடைக்காரர் கையை நீட்டிக் குறைத்துவிடுவார். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு நான் வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாள், அம்மாவோடு அந்தக் கடைக்குப் போயிருந்தேன். நண்பகல் செய்தி தொடங்கியது. கடைக்காரர் வழக்கம்போலக் கையை நீட்டினார்.

“கொறைக்காதீங்கண்ணே” என்றார் அம்மா.

“செய்திதானேம்மா?”

அம்மா பெட்டியையே பார்த்துக்கொண்டு, “அது எம் மக” என்றார்.

எனக்கு நம்பிக்கையில்லை. அக்கா கோலாலம்பூரில் வானொலி நிலையத்தில் மலாய்ச் செய்திகளைத் தமிழில் மொழிபெயர்க்கும் தற்காலிக வேலையில் இருந்தார். வாசிக்கப் போவதாக எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. வழக்கமாக வாசிப்பவர் அன்று வராததால் அக்காவை உட்கார வைத்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. எங்கோ ஒரு பாலம் திறக்கப்பட்டதைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் சத்தத்தைக் கூட்டினார். சாமான் கட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். செய்தி முடியும்வரை அம்மா அசையவில்லை. முடிந்ததும் கடையை விட்டு இறங்கி நடந்தார். பேருந்தில் பாதி வழி வந்த பிறகுதான், வாங்கிய மிளகாயைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தது அவருக்கு நினைவு வந்தது.

எங்கள் அப்பா ரப்பர் தோட்டத்தில் மரத்தில் பால் வெட்டும்போதே மாரடைப்பில் போனவர். அம்மா எங்கள் இருவரையும் வெட்டுக்கத்தியை வைத்துக்கொண்டு வளர்த்தார். அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவர். சின்ன வயதிலிருந்தே எதையும் விசாரிக்காமல் விடமாட்டார். தோட்டத்தில் சண்டை நடந்தால் நாங்களெல்லாம் வேடிக்கை பார்ப்போம். அவர் இரண்டு வீட்டுக்கும் தனித்தனியாகப் போய்க் கேட்டுவிட்டு வருவார். என் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது, மாமனாரிடம் அவர் கேட்ட கேள்விகளில் அந்த மனிதர் வியர்த்துப்போய்விட்டார். “இவங்க போலீஸா?” என்று என் மனைவி அன்றைக்கே யாரிடமோ கேட்டாளாம்.

அந்தக் குணம் அவருக்குத் தொழிலாக அமைந்தது. சில ஆண்டுகளில் வேலை நிரந்தரமானது. செய்தி வாசிப்பதில் அவருக்கு ஆசை நிலைக்கவில்லை. “அடுத்தவன் எழுதினதை வாசிக்கிறதுக்குக் குரல் இருந்தா போதும்லா” என்பார். நடப்பு விவகார நிகழ்ச்சிக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். தோளில் கனமான ஒலிப்பதிவுக் கருவியை மாட்டிக்கொண்டு, தோட்டம் தோட்டமாக, தொழிற்சாலை தொழிற்சாலையாகப் போனார். பள்ளிக்கூடக் கூரை ஒழுகுவது, பிறப்புப் பத்திரம் இல்லாமல் பிள்ளைகள் படிப்பை விடுவது, தோட்டத்தை விற்றதும் பாலர் பள்ளியைப் பூட்டுவது, இப்படி மற்றவர்கள் சிறிய விஷயம் என்று ஒதுக்கியதையெல்லாம் எடுத்துப் பேசினார். பிறகு தொலைக்காட்சியில் வாரம் ஒரு முறை அரை மணி நேர நிகழ்ச்சி கொடுத்தார்கள். தயாரிப்பும் அவரே, பேசுவதும் அவரே. பருத்திச் சேலையும் கட்டைவிரல் அகலப் பொட்டுமாக அவர் திரையில் வந்ததும், “இன்னிக்கு எவன் மாட்டுனான்?” என்று தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் பெருமை இருந்தது. எங்கள் தோட்டத்துப் பெண் ஒருத்தி டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர்களிடம் கேள்வி கேட்கிறாள் என்ற பெருமை.

அவர் வேலை செய்வதை ஒரே ஒரு முறை பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். மெர்போக்கில் வெள்ளத்தில் வீடிழந்த ஒரு முதியவரைப் பேட்டி எடுக்கப் போனபோது என்னையும் நிலையத்துக் காடியில் ஏற்றிக்கொண்டார். அந்த முதியவர் அழ ஆரம்பித்ததும் அக்கா கேமராவை நிறுத்தச் சொன்னார். முதியவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்த பிறகு, தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தது, எத்தனை படி ஏறியது, யாரிடம் முறையிட்டார், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று மட்டும் கேட்டார். திரும்பி வரும்போது, “அழுததை எடுத்திருந்தா நல்லா இருந்திருக்குமேக்கா” என்றேன். “அழுதா பாவம்னு சொல்லிட்டு சேனல் மாத்திடுவான். தண்ணி எங்கேர்ந்து வந்துச்சுன்னு சொன்னாத்தான் எவனாச்சும் பதில் சொல்லணும்” என்றார்.

நான் அதற்குள் நாங்கள் பிறந்த தோட்டத்திலேயே கிராணி வேலைக்கு, அதாவது அலுவலக எழுத்தராக, சேர்ந்திருந்தேன். ரப்பர் மரங்களை அழித்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டு முடித்திருந்தார்கள். லயத்தை விட்டு, அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருந்த கிராணி வீட்டுக்கு அம்மாவைக் கூட்டி வந்தேன். தனிக் குளியலறை உள்ள வீடு. அம்மாவுக்கு அது அரண்மனை.

அந்தச் சமயத்தில்தான் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கை கால்களில் தடிப்பு வர ஆரம்பித்தது. முதலில் அம்மை என்றார்கள், பிறகு கொசுக்கடி என்றார்கள். மருந்து அடிக்கும் வேலை பார்த்த பெண் ஒருத்தி இருந்தார். கடைசி லயத்தில் குடியிருந்தார். களைக்கொல்லி தெளிப்பதைத்தான் தோட்டத்தில் மருந்தடிப்பு என்போம். என்னைவிட மூத்தவர் என்பதால் நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய மகளுக்கு அப்போது ஆறு வயதிருக்கும். அந்தப் பிள்ளைக்கு விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது. அவர்தான் அலுவலகத்துக்கு வந்து சொன்னார்: “மருந்து ஸ்டோர் மேல இருக்கு, ஓடை கீழ ஓடுது. அந்த ஓடைத் தண்ணியத்தான் தொட்டிக்கு ஏத்துறீங்க. கொஞ்சம் பாருங்க சார்.” நிர்வாகி தலையை ஆட்டினார். பேருக்குத் தண்ணீரில் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். மூன்று வாரம் கழித்து ஆய்வுக்கூடத்திலிருந்து அறிக்கை வந்தது. வரும் கடிதங்களைப் பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை. உறையைப் பிரித்தேன். இரண்டு பக்கம். அந்தத் தண்ணீர் குடிப்பதற்கு ஏற்றதல்ல என்று தெளிவாக எழுதியிருந்தது. பதிவேட்டில் ஏற்றி, நிர்வாகியின் மேசையில் வைத்தேன். அவர் படித்துவிட்டு இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று. தொட்டிக்குத் தண்ணீர் ஏறிக்கொண்டுதான் இருந்தது.

தீபாவளிக்கு அக்கா வந்தார். முறுக்கைக் கடித்துக்கொண்டு கோலாலம்பூர்க் கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். எந்த அமைச்சர் எந்தக் கேள்விக்கு எழுந்து போனார் என்று அவர் சொல்லச் சொல்ல, எனக்கும் முக்கியமான ஏதோ ஒன்று தெரியும் என்று காட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. இன்றைக்கு யோசித்தால், அந்தப் பிள்ளையின் கையை நினைத்து நான் வாயைத் திறக்கவில்லை. அக்கா என்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் திறந்தேன், அறிக்கையைப் பற்றிச் சொன்னேன்.

அவர் முறுக்கைத் தட்டில் வைத்துவிட்டார். “கண்ணால பார்த்தியா?”

“நான்தானேக்கா பிரிச்சேன்.”

“நகல் எடுக்க முடியுமா?”

முடிந்தது. சாவி ஒருநாள் இழுப்பறையிலேயே தொங்கியது. நிர்வாகி மத்தியானச் சாப்பாட்டுக்குப் போன நேரத்தில் நகல் எடுத்து, பீடோங் அஞ்சலகத்தில் நானே போட்டேன்.

கேமராவோடு அக்கா தோட்டத்துக்கு வந்த நாளில் என்னோடு பேசவில்லை. முன்கூட்டியே சொல்லியிருந்தார்: “நீ ஆபீஸை விட்டு வெளிய வராத. அம்மா வீட்டுக்கும் நான் வரமாட்டேன்.” சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். லயத்தில் யாரும் பேச முன்வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டார்கள். மருந்தடிக்கும் அக்கா மட்டும் மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்து நின்றார். பிள்ளையின் கையைக் கேமராவுக்கு முன்னால் விரித்துக் காட்டினார். அவர் பேசியதைப் பிறகு திரையில்தான் கேட்டேன். “யாராச்சும் சொல்லணும்லா. எல்லாரும் உள்ள போய்ட்டா பிள்ளைங்க எந்தத் தண்ணியக் குடிக்கும்?” என்றார்.

நிகழ்ச்சி சனிக்கிழமை ஒளிபரப்பானது. அறிக்கையின் முதல் பக்கத்தைக் காட்டினார்கள். தோட்டத்தின் பெயரைச் சொன்னார்கள். திங்கட்கிழமை காலை நிர்வாகி என்னைக் கூப்பிட்டார்.

அவரும் தமிழர்தான். சத்தம் போடும் ஆள் இல்லை. உட்காரச் சொன்னார். தேநீர் வரவழைத்தார். “இந்தப் பேப்பர் எப்படி வெளிய போச்சுன்னு நான் கேக்கப் போறதில்ல தம்பி. உங்க வீட்டுக்காரம்மாவுக்கு எத்தனாவது மாசம்?” என்றார். ஏழு என்றேன். “அம்மாவும் உங்ககூடத்தானே இருக்காங்க? நல்ல வீடு அது.” பிறகு ஒரு தாளை என் பக்கம் திருப்பினார். தட்டச்சு செய்து தயாராக இருந்தது. அப்படி ஓர் அறிக்கை இந்த அலுவலகத்துக்கு வரவில்லை, வரும் கடிதங்களின் பதிவேட்டிலும் அப்படி எதுவும் இல்லை, இப்படிக்கு அலுவலகக் கிராணி.

“பதிவேட்டுல இருக்கே சார்” என்றேன்.

“புதுப் பதிவேடு ஒன்னு அலமாரியில இருக்கு” என்றார்.

கையெழுத்துப் போட்டேன். அன்று பிற்பகல் முழுவதும் உட்கார்ந்து, அந்த ஆண்டில் வந்த கடிதங்களையெல்லாம் புதிய பதிவேட்டில் என் கையால் திரும்ப எழுதினேன். ஒரே ஒரு வரியை மட்டும் விட்டேன். பழையதை நிர்வாகி வாங்கி வைத்துக்கொண்டார். மாலையில் மோட்டாரை எடுத்துக்கொண்டு பீடோங்குக்குப் போய், பொதுத் தொலைபேசியில் அக்காவின் அலுவலக எண்ணைச் சுழற்றினேன். அவரே எடுத்தார். “ஹலோ, யாரு?” என்றார். நான் பேசவில்லை. “யாருங்க பேசுறது?” என்று இன்னொரு முறை கேட்டார். வைத்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை எங்கள் வீட்டில் கூட்டம். லயத்திலிருந்து பதினைந்து பேராவது வந்திருப்பார்கள். போன வாரம் தோட்டத்தைக் காட்டினார்கள், இந்த வாரமும் ஏதாவது வருமென்று ஆவல். அக்கா திரையில் வந்தார். வழக்கமாகக் கேமராவை நேராகப் பார்ப்பவர், அன்று கையிலிருந்த தாளைப் பார்த்து வாசித்தார். சென்ற வார நிகழ்ச்சி சரிபார்க்கப்படாத ஆவணம் ஒன்றின் அடிப்படையில் தயாரிக்கப்பட்டது என்றும், அதில் பேசியவரின் கூற்றுக்கு ஆதாரம் இல்லை என்றும், சம்பந்தப்பட்ட தோட்ட நிர்வாகத்திடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வதாகவும் வாசித்தார். பாலம் திறந்த செய்தியை வாசித்தபோது இருந்த அதே சீரான குரல். ஒரு சொல்கூடத் தடுமாறவில்லை. தொழில் அது.

பிறகு ஒருவர், “அப்ப பொய்யா போட்டாங்க?” என்றார். மெல்லமாக எழுந்து போக ஆரம்பித்தார்கள். அம்மா என்னைப் பார்த்தார்.

“அவ ஏண்டா மன்னிப்புக் கேக்குறா?”

“ஏதோ தப்பு நடந்திருக்கும்மா” என்றேன்.

அந்த நிகழ்ச்சியை அக்காவிடமிருந்து எடுத்துவிட்டார்கள். வானொலிக்கே திருப்பி அனுப்பி, காலை நேரத்தில் பிறந்தநாள் வாழ்த்தும் சமையல் குறிப்பும் வாசிக்கும் வேலையைக் கொடுத்தார்கள். வேறு யாராக இருந்தாலும் விலகியிருப்பார்கள். அவர் விலகவில்லை. ஓய்வு பெறும்வரை அதைத்தான் செய்தார். நேயர்கள் அனுப்பும் சமையல் குறிப்புகளில் அளவு சரியா என்று அவர்களுக்கே தொலைபேசி அடித்துக் கேட்பாராம். “இந்த அம்மா புளி எவ்வளவுன்னு ரெண்டு தடவை கேக்குறாங்க” என்று அலுவலகத்தில் கேலி செய்வார்களாம். யாரோ இதைச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். நானும் சிரித்துவைத்தேன்.

மறு தீபாவளிக்கு அக்கா வந்தபோது, அம்மா அவர் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டே, “எதையும் நல்லா விசாரிச்சுப் போடும்மா. ஊருல ஒரு மாதிரிப் பேசுறாங்க” என்றார். நான் கதவருகே நின்றிருந்தேன். எதையும் விசாரிக்காமல் விடாத அந்த மனுஷி, தலையைக் குனிந்தபடியே, “சரிம்மா” என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. அம்மா இறந்து பல ஆண்டுகளாகின்றன. மகள் ஒரு பெரிய தவறு செய்துவிட்டாள் என்ற எண்ணத்தோடுதான் போனார். மருத்துவமனையில் பக்கத்திலேயே இருந்தேன். சொல்ல நேரமில்லாமல் இல்லை.

அந்த மன்னிப்பு ஒளிபரப்பாகி ஓராண்டு முடிவதற்குள் தோட்டத்துக்கு அரசாங்கக் குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது. ஓடைத் தொட்டியை மூடினார்கள். பிள்ளைகளின் கை கால்கள் ஆறின. கேட்டவர்களிடம், முன்பே போட்டிருந்த திட்டம் என்றார்கள். குழாய் திறப்பதற்குச் சின்ன விழா வைத்தார்கள். நிர்வாகத்துக்கு நன்றி சொல்லும் உரையை எழுதும்படி என்னிடம் சொன்னார்கள். நல்ல தமிழில் எழுதிக்கொடுத்தேன். அடுத்த ஆண்டே பெரிய கிராணி ஆனேன்.

மருந்தடிக்கும் அக்காவின் கதை வேறு. அவரை யாரும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. அதற்குத் தேவையே இல்லாமல் போயிற்று. தண்ணீர்க் குழாயடியில், கோயிலில், கடையில், “டிவி ஸ்டாரு வந்துட்டாங்க, வழி விடுங்கலா” என்று ஒதுங்குவார்கள். அவர் புருஷன் குடித்துவிட்டு வந்து அதையே சொல்லி அடிப்பார் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். ஒருநாள் மகளைக் கூட்டிக்கொண்டு கோலா கெத்திலில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். அவர் கணக்கை முடித்த தாளில் முத்திரை குத்தியது நான். “வர்றேன் தம்பி” என்று சொல்லிவிட்டுத்தான் போனார். உண்மை தெரிந்தவன் எதிரில் உட்கார்ந்திருக்கிறான் என்று அவருக்குத் தெரியாது.

தோட்டம் பிறகு கைமாறியது. லயங்களை இடித்தார்கள். நான் ஓய்வு பெற்று மெர்போக்கில் வீடு வாங்கினேன். அக்கா பீடோங்கில் ஒரு வரிசை வீட்டில் தனியாக இருக்கிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வாரம் ஒருமுறை போவேன். மீன் வாங்கிக் கொடுப்பேன், விளக்கை மாற்றிக் கொடுப்பேன். அந்தச் சனிக்கிழமையைப் பற்றி மட்டும் நாங்கள் பேசியதில்லை. நிர்வாகம் தொலைக்காட்சி நிலையத்துக்கு அனுப்பிய அந்தக் கடிதத்தில் யார் கையெழுத்து இருந்தது என்பது அவருக்குத் தெரியுமா, தெரியாதா என்றே நான் அறியாமல் இருந்தேன். தெரியாது என்று நினைத்துக்கொண்டால் தூக்கம் வந்தது.

சில மாதங்களுக்கு முன்பு என் மகள் கைப்பேசியை நீட்டினாள். எங்கள் பழைய தோட்டத்துக்காரர்கள் வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். யாரோ அக்காவின் பழைய படம் ஒன்றைப் போட்டிருந்தார்கள். கீழே இளம் பிள்ளை ஒருவன், ‘இவங்கதானே பொய் நியூஸ் போட்டு டிவியில சாரி கேட்டவங்க?’ என்று எழுதியிருந்தான். சிரிக்கும் முகங்கள் வரிசையாக.

“அப்பா, அத்தை நெஜமாவே பொய் சொன்னாங்களா?” என்றாள் மகள். அன்று என் மனைவியின் வயிற்றில் ஏழு மாதமாக இருந்தவள் இவள்தான்.

“இல்ல” என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்கு எனக்கு இத்தனை ஆண்டு ஆகியிருக்கிறது. மீதியையும் அவளிடம் சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அன்று இரவே ஒரு கடிதம் எழுதி, மறுநாள் அதை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் பத்திரிகையைப் பரப்பிவைத்து, எழுத்துப்பிழைகளைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டுக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற பிறகும் விடாத பழக்கம்.

“அக்கா, எஸ்டேட்டுலேர்ந்து அப்ப ஒரு சூராட்டு போச்சுல்ல, அதுல கையெழுத்துப் போட்டது நான்தான்” என்றேன்.

“தெரியும்” என்றார், பேனாவைக் கீழே வைக்காமலே.

நிலையத்து மேலதிகாரிகள் அந்தக் கடிதத்தை மேசையில் வைத்து அவரிடமே காட்டியிருக்கிறார்கள். “இந்தக் கையெழுத்து யாருதுன்னு தெரியுமான்னு கேட்டாங்க. தெரியாதுன்னேன். அப்பா பேரு ரெண்டு பேருக்கும் ஒன்னா இருக்கேன்னு ஒருத்தர் கேட்டாரு. அந்தப் பேரு கெடாவுல எஸ்டேட்டுக்கு நாலு பேருக்கு இருக்கும் சார்னு சொன்னேன். சிரிச்சிட்டாங்க. பேப்பர் குடுத்தது யாருன்னு சொல்லிட்டா உனக்குப் பிரச்சினை இல்லன்னாங்க. சொல்ல மாட்டேன்னேன்.” இன்னொரு பிழையை வட்டமிட்டார். “வேலையில இருந்த வரைக்கும் அடுத்தவன் எழுதிக் குடுக்காம நானா சொன்ன பொய் அது ஒன்னுதான்.”

கடிதத்தை நீட்டினேன். தொலைக்காட்சி நிலையத்துக்கு எழுதியது. அன்று வந்த அறிக்கை உண்மையானது என்றும், அதை மறைத்தது நான் என்றும் எழுதியிருந்தேன். அவர் சிவப்புப் பேனாவோடு படித்தார். ‘என் மனசாட்சி இத்தனை காலமும் என்னைக் கொன்றுகொண்டிருக்கிறது’ என்ற வரியை அடித்தார். ‘கண்ணீரோடு’ என்பதையும் அடித்தார்.

“நீ வருத்தப்படுறது செய்தி இல்ல. என்னா வந்துச்சு, யாரு பார்த்தா, யாரு மறைச்சா. அதை மட்டும் எழுது. உன் அடையாள கார்டு ஐசி நம்பர் போடு.”

“சரிக்கா.”

“அனுப்பு. ஆனா அங்க அந்தக் காலத்து ஆளு ஒருத்தரும் இல்ல.” பேனாவை மூடினார். “கோலா கெத்திலுக்குப் போனியா?”

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சுட்டது. எழுதிக்கொண்டிருந்த இரவெல்லாம் நான் அக்காவை நினைத்தேன், என்னை நினைத்தேன். மருந்தடிக்கும் அக்காவை ஒரு முறைகூட நினைக்கவில்லை.

“அந்த அக்கா வெளிய வந்து நின்னப்ப, நீங்க சொல்றதுக்கு நான் பொறுப்புன்னு சொல்லித்தான் கேமராவைப் போடச் சொன்னேன்” என்றார் அக்கா. “ஆதாரம் இல்லாத கூற்றுன்னு வாசிச்சேன் பாரு, அது அவங்களைத்தான். ரெண்டு பேர்ல ஒருத்தரைத்தான் காப்பாத்த முடியும்னு நெனைச்சேன். உன்னைக் காப்பாத்துனேன். வாசிக்க மாட்டேன்னு எழுந்து போயிருக்கலாம். வேலையும் வேணும்னு இருந்துச்சு.” பத்திரிகையை மடித்தார். “அட்ரஸ் எங்கிட்ட இருக்கு. ரெண்டு தடவை பஸ் ஏறிப் போய், வீட்டைப் பார்த்துட்டு அப்படியே திரும்பி வந்துட்டேன்.”

அம்மா இறந்தபோதும் அழாதவர். அன்றும் அழவில்லை. ஆனால் அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

கடிதத்தைத் திருத்தி எழுதி அனுப்பினேன். இதுவரை பதில் இல்லை. கோலா கெத்திலுக்கு அந்த வாரமே போனோம். பட்டணத்தை ஒட்டிய மலிவு விலை வீடுகளில் கடைசி வரிசை. வாசலில் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. அக்காவைப் பார்த்து, “டிவி அம்மாதானே?” என்றார். அந்தக் குரலில் கோபமும் இல்லை, வரவேற்பும் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலிகளை எடுத்துப் போட்டார்.

நான்தான் சொன்னேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். அறிக்கை வந்தது, நான் பிரித்தேன், வரவில்லை என்று கையெழுத்துப் போட்டேன். அவர் துணி மடிப்பதை நிறுத்தாமல் கேட்டார்.

“அப்ப பேப்பரு வந்துச்சா?”

“வந்துச்சுக்கா.”

“தண்ணியிலதான் மருந்து இருந்துச்சா?”

“ஆமாக்கா. அதுலதான் இருந்துச்சு.”

அவர் அக்கா பக்கம் திரும்பினார். “அப்ப நீ ஏம்மா டிவியில மன்னிப்புக் கேட்ட?”

எத்தனையோ பேரிடம் கேள்வி கேட்ட அக்கா, வாயைத் திறந்து மூடினார். சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் பதில் தேடித் தவித்து நான் பார்த்ததே இல்லை.

“எனக்காக” என்றேன் நான். “நான் இவங்க கூடப் பொறந்த தம்பின்னு உங்களுக்குத் தெரியும்லா. என்னைக் காட்டிக் குடுக்காம இருக்கத்தான்.”

அந்தப் பெண் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மடித்த துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பக்கத்திலிருந்த முக்காலியில் வைத்தார்.

“எங்கிட்ட சொல்லி என்னா பண்றது? நான் பார்த்தவதானே. எனக்குத் தெரியாதா எம் பிள்ளை கை ஏன் வெடிச்சுச்சுன்னு?” என்றார். “ஆனா எம் மக என்னைய நம்பல. டிவியில வரணும்னு என் கையைக் காட்டுனியாம்மான்னு பதினாறு வயசுல கேட்டா. இன்னிக்கு வரைக்கும் அவளுக்கு அதான் நெனப்பு. அஞ்சு மணிக்கு பேக்டரியிலேர்ந்து வருவா. இருந்து அவகிட்ட சொல்லிட்டுப் போங்க.”

மணி நாலுகூட ஆகவில்லை. அவர் உள்ளே போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்து வைத்தார். அக்கா என் பக்கத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஒருமுறை மட்டும் என்னிடம் குனிந்து, “சுத்தி வளைக்காம சொல்லு” என்றார். எதிர் வரிசையில் பள்ளிவிட்டு வந்த பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். தேநீர் ஆறிப்போயிற்று. ஐந்து மணியைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் ஒரு மோட்டார் சந்துக்குள் திரும்பியது. தொழிற்சாலைச் சட்டை போட்ட பெண் ஒருத்தி தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே எங்களைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

நான் எழுந்து நின்றேன்.